கரண்டும் தண்ணீரும் நின்றால் சனத்தின் கொதிப்பை அளப்பது எப்படி?

ஓர் ஊரில் 400 வீடுகளுக்கு மூன்று நாளாகக் குழாய்த் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். நாலாம் நாள் 30 பேர் பதாகையோடு வீதியோரம் நிற்கிறார்கள். இன்னொரு நகரில் 2,500 வீடுகளுக்கு ஆறு மணித்தியாலம் கரண்ட் இல்லை. அன்றிரவே 300 பேர் திரண்டு வீதியை மறிக்கிறார்கள். கொதிப்பு எங்கே கூட? செய்தியை மட்டும் பார்ப்பவர் இரண்டாவதைப் பத்து மடங்கு என்பார். வீட்டுக் கணக்கில் பார்த்தால் 100 வீட்டுக்கு 7.5 பேர், 12 பேர். பத்து மடங்கு ஒன்றரை மடங்குச் சொச்சமாகச் சுருங்கிவிடுகிறது. எதால் வகுப்பது என்று முதலே முடிவெடுக்காமல் எண்ணத் தொடங்கினால், பிறகு எந்த எண்ணையும் எப்படியும் வளைக்கலாம்.

இந்த வழிகாட்டி இலங்கையின் வடக்கே வன்னியின் நகரங்களிலும் சந்திகளிலும், அதாவது கிளிநொச்சி, பரந்தன், மாங்குளம், புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் போன்ற இடங்களில், இந்த வேலையைப் புதிதாகத் தொடங்குவோருக்கானது. பிரதேச சபை அலுவலரோ, பல்கலைக்கழக மாணவரோ, சனசமூக நிலையத்து இளைஞரோ செய்யலாம். ஒரு சீ.ஆர். கொப்பி, நேரம் சரியான கடிகாரம், 30 மீற்றர் அளவு நாடா, கணினியில் ஒரு விரிதாள் போதும். ஆட்கள் நாலு பேர் வேண்டும். அதில் இருவராவது பெண்களாக இருப்பது நல்லது. காரணம் கீழே வரும்.

பழுதை முதலில் அளக்க வேண்டும்

புதியவர்கள் நேரே ஆர்ப்பாட்டத்தை எண்ணப் போய்விடுவார்கள். அது தலைகீழ் வேலை. சனம் எதற்குக் கொதித்தது என்பதன் அளவு கையில் இல்லாவிட்டால் கொதிப்பின் அளவுக்குப் பொருளில்லை. ஆகவே முதல் தாள் பழுதுப் பதிவேடு. ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு வரி: தொடங்கிய திகதியும் நேரமும், சீரான திகதியும் நேரமும், இடம், பாதிக்கப்பட்ட வீடுகள், முன்னறிவித்தல் இருந்ததா, சொல்லப்பட்ட காரணம். நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதுங்கள். “இரவு 12” என்று எழுதினால் எந்த நாளின் இரவு என்று பிறகு உங்களுக்கே தெரியாது.

வீடுகளின் எண்ணிக்கையை மணித்தியாலத்தால் பெருக்கினால் கிடைப்பதை வீட்டுமணி என்று வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன முதல் ஊரில் 400 × 72 = 28,800 வீட்டுமணி. இரண்டாவதில் 2,500 × 6 = 15,000. ஆனால் தண்ணீர் இல்லாத ஒரு மணியும் கரண்ட் இல்லாத ஒரு மணியும் ஒன்றல்ல. தண்ணீரைத் தண்ணீரோடும் கரண்டைக் கரண்டோடும் மட்டும் ஒப்பிடுங்கள்.

எல்லை பிரிப்பதில்தான் அதிகம் பிழைக்கும். எங்கள் கணக்கெல்லாம் கிராம அலுவலர் பிரிவுப்படி இருக்கும். மின்கம்பியோ ட்ரான்ஸ்போமர்படி ஓடும். ஒரே ஒழுங்கையில் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் இருட்டுமாக இருப்பது இதனால்தான். பிரிவு முழுவதையும் பாதிக்கப்பட்டதாக எழுதினால் வீட்டுமணி ஊதிப்போகும், கொதிப்பு சிறுத்துத் தெரியும். மாலையில் ஒரு நடை நடந்து எந்தக் கம்பத்தோடு இருட்டுத் தொடங்குகிறது என்று பார்த்து, கையால் வரைந்த படத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் “வந்துவிட்டது” என்பதற்கும் வரையறை வேண்டும். தாங்கிக்கு அருகில் உள்ள வீட்டில் காலை 6 மணிக்கு வரும் தண்ணீர், குழாயின் கடைசி வீட்டுக்கு மத்தியானம்தான் போய்ச் சேரும், சில வேளை சேராமலே போகும். கடைசி வீட்டுக் குழாயில் 10 லீற்றர் வாளி ஐந்து நிமிடத்துக்குள் நிரம்பினால் சீரானதாகக் கொள்ளுங்கள். அதற்கு முன் அலுவலகம் சொல்லும் நேரத்தைத் தனி நிரலில் எழுதுங்கள். இரண்டு நேரத்துக்கும் இடைப்பட்ட இடைவெளியிலேயே கோபம் மிகுதியாகக் கிளம்பும். “தந்தாச்சு” என்று அறிவித்த பிறகும் வராத தண்ணீர், வராத தண்ணீரைவிடப் பொல்லாதது.

இன்னொரு பொறி. வன்னியில் கிணறோ குழாய்க்கிணறோ உள்ள வீடுகள் பல, மோட்டாரால்தான் தண்ணீர் இறைக்கின்றன. கரண்ட் நின்றால் அவர்களுக்குத் தண்ணீரும் நின்றுவிடும். மின்தடை எட்டு மணித்தியாலம் தாண்டினால் “தண்ணீர்” நிரலிலும் ஒரு குறி போடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர்ச் சபையின் இணைப்பே இல்லாத ஊர் ஏன் தண்ணீர் கேட்டு வீதிக்கு வந்தது என்று விளங்காது.

நிகழ்வுப் பதிவேடு

இரண்டாவது தாளில் ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி. எது ஒரு நிகழ்வு? ஒரே நாள், ஒரே இடம், ஒரே கோரிக்கை. மூன்றில் ஒன்று மாறினாலும் புதிய வரி. மூன்று நாள் தொடர்ந்து நடந்த உண்ணாவிரதம் மூன்று வரி, ஆனால் ஒரே தொடர் இலக்கம்.

வகையைக் குறிக்க ஐந்து குறியீடு போதும்.

1 – கூட்டாக முறையிடல்: மகஜர் கையளித்தல், திரண்டு அலுவலகத்துக்குப் போதல்.
2 – கவனயீர்ப்பு: வீதியோரம் நிற்றல், போக்குவரத்துத் தடைப்படவில்லை.
3 – மறியல்: வீதி, அலுவலக வாசல், தண்ணீர் பவுசர் எதையாவது மறித்தல், டயர் எரித்தல்.
4 – கடையடைப்பு.
5 – சேதமும் கைகலப்பும்.

பொலிஸார் தள்ளியது, தடியடி செய்தது, கண்ணீர்ப்புகை அடித்தது எல்லாவற்றுக்கும் தனி நிரல். அவற்றைக் குறியீடு 5 இல் போடவே கூடாது. அமைதியாக நின்ற கூட்டத்தின்மேல் கண்ணீர்ப்புகை அடித்தால் கூட்டம் கலகக் கூட்டமாகிவிடாது. உலக நாடுகளின் போராட்டங்களைத் தொகுக்கும் அக்லெட் தரவுத்தளமும் அமைதிப் போராட்டம், தலையீடு நடந்த போராட்டம், மிதமிஞ்சிய பலம் பிரயோகிக்கப்பட்ட போராட்டம், கலகம் என்று பிரித்தே வைக்கிறது.

கடையடைப்பை ஆட்களால் அளக்க முடியாது, கடைகளால் அளக்க வேண்டும். கடைத்தெருவில் ஒரு துண்டை முன்கூட்டியே தெரிந்து, அதில் 50 கடைகளைப் பட்டியலிட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் எத்தனை பூட்டு என்று எண்ணுங்கள். போயா தினமும் ஞாயிறும் சேராது. கரண்ட் இல்லாததால் குளிரூட்டி நின்று பூட்டிய இறைச்சிக்கடை எதிர்ப்புக் காட்டவில்லை, அதைக் கழித்துவிடுங்கள்.

செய்திகளில் இருந்து எடுக்கும்போது இரட்டிப்பு வந்துகொண்டே இருக்கும். ஒரே மறியலை ஓர் இணையத்தளம் “கிளிநொச்சி நகரில்” என்னும், இன்னொன்று “ஏ9 வீதியில்” என்னும், மூன்றாவது “கரடிப்போக்குச் சந்தியில்” என்னும். மூன்று வரி விழுந்துவிடும். “கிளிநொச்சியில்” என்பது நகரமா மாவட்டமா என்பதும் தெளிவில்லை. பூநகரியில் நடந்ததும் அந்தத் தலைப்பில் வரும். நாளிதழ் “நேற்று” என்றால் அச்சுத் திகதிக்கு முதல் நாள். இணையத்தளம் “இன்று” என்று போட்டதை அடுத்த நாள் இன்னொரு தளம் அப்படியே வெட்டி ஒட்டினால் “இன்று” மாறிவிடும். இரண்டு தனித்தனி மூலங்கள் ஒத்துவந்தால் “உறுதி”, ஒன்று மட்டுமென்றால் “ஒருமூலம்” என்று குறியுங்கள். ஒருமூலத்தைத் தூக்கி எறிய வேண்டாம். யாழ்ப்பாணத்தில் அச்சாகும் நாளிதழில் மல்லாவிச் செய்தி ஒருமூலமாகத்தான் வரும். செய்தியாளர் இருக்கும் சந்தியில் போராட்டங்கள் கூடியதுபோலத் தெரியும். உள்ளே 15 கிலோமீற்றர் தள்ளி நடந்தது அச்சேறாமலே போகலாம். இதற்கு மருந்து, பாதிக்கப்பட்ட பகுதிக்கு ஒருவராக கமக்கார அமைப்பிலோ மாதர் சங்கத்திலோ ஓராளைத் தெரிந்துவைத்துக் கிழமைக்கு ஒருதரம் கேட்பது. “ஒன்றும் நடக்கவில்லை” என்ற பதிலையும் எழுதுங்கள். வெற்று நிரலும் பூச்சியமும் வேறு வேறு.

தலை எண்ணுதல்

200 பேருக்குக் கீழே என்றால் சூத்திரம் எதுவும் வேண்டாம். பத்துப் பத்தாக விரலால் எண்ணுங்கள். எங்கள் பக்கத்துக் கவனயீர்ப்புகள் வீதியோரம் ஒரே வரிசையாகப் பதாகை பிடித்து நிற்பவை. பரப்பளவு முறை அங்கே பிழைக்கும்.

கோவில் முன்றல், பேருந்து நிலையம் போன்ற இடத்தில் கூட்டம் திரண்டு நின்றால் கட்டம் பிரிக்கும் முறை உதவும். 1960களில் கலிபோர்னியாவின் பேர்க்லி வளாகத்தில் இதழியல் பேராசிரியராக இருந்த ஹேர்பேட் ஜேக்கப்ஸ், ஜன்னலுக்குக் கீழே கூடும் மாணவரைத் தரையில் இருந்த சதுரங்களைக் கொண்டு எண்ணி அமைத்த முறை இது. ஐதான கூட்டத்தில் ஒருவருக்கு ஏறக்குறைய 10 சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் 4.5 சதுர அடி. மீற்றரில் சொன்னால், ஐதாக இருந்தால் சதுர மீற்றருக்கு ஒருவர், நெருக்கமானால் இரண்டரைப் பேர் அளவில். 20 மீற்றர் நீளம், 12 மீற்றர் அகலம் என்றால் 240 சதுர மீற்றர். பாதி நெருக்கம், பாதி ஐது என்றால் 300 + 120 = 420 பேர். நடுவில் நிற்கும் நெருக்கத்தை முழு இடத்துக்கும் போட்டால் 600 வந்துவிடும். கூட்டத்தின் ஓரம் எப்போதும் ஐதுதான். மேடைக்கு முன்னால் எடுத்த படத்தைப் பார்த்து எண்ணுகிறவர்கள் அனைவரும் கூட்டித்தான் சொல்வார்கள்.

ஊர்வலத்துக்கு ஓர் இடத்தில் நின்று ஒரு நிமிடத்தில் கடப்போரை எண்ணி, கடந்து முடிய எடுத்த நிமிடங்களால் பெருக்குங்கள். தொடக்கம், நடு, வால் என மூன்று நிமிடங்களை எண்ணிச் சராசரி எடுத்தால் நம்பலாம்.

வேடிக்கை பார்ப்போர், பேருந்துக்கு நிற்போர், பொலிஸார், படம் எடுப்போர் சேராது. சிவில் உடையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி ஓரமாக நிற்பவர்களும் சேராது. அவர்கள் யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒற்றை எண் எழுதாமல் “350–450” என்று வீச்சாக எழுதுங்கள். செய்தியில் “பலர்”, “பெருந்திரளானோர்” என்று மட்டும் இருந்தால் எண்ணைக் கற்பனை செய்யாமல் “எண் இல்லை” என்று குறியுங்கள்.

முறைப்பாட்டு எண்கள்

மின்சாரத்துக்கு 1987, தண்ணீருக்கு 1939, அனர்த்தத்துக்கு 117. இந்த இலக்கங்களுக்கு வந்த அழைப்புகளை நாள்வாரியாகக் கேட்டுப் பெறலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், உரிய அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். “முறைப்பாடுகள் பற்றிய விபரம்” என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையாகவே பதில் வரும். “இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை, இன்ன சேவை நிலையத்துக்கு, நாள் ஒன்றுக்குக் கிடைத்த அழைப்புகளின் எண்ணிக்கை, பெயரும் தொலைபேசி இலக்கமும் இன்றி” என்று கேளுங்கள்.

கிடைத்த எண்ணை அப்படியே கொதிப்பு என்று கொள்ள வேண்டாம். தெரிந்த லைன்மனுக்கு நேரே போன் எடுப்பவர் பதிவில் வரமாட்டார், விதானையாரிடம் வாயால் சொன்னவரும் வரமாட்டார். சிங்களத்தில் பதில் வரும் என்று அழைப்பையே எடுக்காதவர்களும் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம் இது: ஐந்தாவது தடவை பழுதானபோது அழைப்புகள் குறைந்திருந்தால், சனம் பழகிவிட்டது என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள். சொல்லிப் பயனில்லை என்று கைவிட்டதும் அதே கோட்டைத்தான் வரையும். இரண்டையும் பிரித்தறிய வீட்டுப் படியேற வேண்டும்.

பேஸ்புக் பற்றி ஒரு பந்தி போதும். கிளிநொச்சித் தண்ணீரைப் பற்றிய பதிவுக்கு வரும் ஆவேசமான கருத்துகளில் பெரும்பங்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து வரும். அவர்களுக்குக் கோபம் இருக்கலாம், வாளி காலியாக இல்லை. விருப்பக்குறிகளை எண்ணாமல், “இங்க மூன்று நாளா வரேல்லை, கோவிலடிப் பக்கம்” என்பதுபோல இடமும் நேரமும் சொல்லும் கருத்துகளை மட்டும் எடுங்கள். அவை பழுதுப் பதிவேட்டைச் சரிபார்க்க உதவும்.

வீட்டுக்கு வீடு

வீதிக்கு வந்தவர்களை எண்ணிவிட்டோம். வராதவர்கள்தான் மிச்சம் எல்லோரும். 15 இடங்களைக் குலுக்கல் முறையில் தெரிந்து, இடத்துக்கு 10 வீடாக 150 வீடு பார்க்கலாம். முற்றிலும் எழுமாறாக எடுத்த 150 வீட்டுக்குப் பிழை வீச்சு கூட்டியோ குறைத்தோ 8 சதவீதம். கொத்துக் கொத்தாக எடுப்பதால் அது ஏறக்குறைய 10 ஆகும். ஆகவே 42 சதவீதத்துக்கும் 48 சதவீதத்துக்கும் வித்தியாசம் இருப்பதாக எழுதக் கூடாது. நுணுக்கமாக வேண்டுமென்றால் 600 வீடாவது வேண்டும், நாலு பேரால் ஒரு கிழமையில் ஆகாது.

பெயர்ப் பட்டியலை நம்பிப் போனால் பூட்டிய வீடுகளும் பற்றைக்காணிகளும் நிறைய வரும். இடம்பெயர்வும் மீள்குடியேற்றமும் வெளிநாட்டுப் பயணமும் நடந்த மண் இது. சந்தியில் இருந்து புறப்பட்டு, இடது கையால் ஐந்தாவது வீடு, பிறகு அதிலிருந்து ஐந்தாவது என்று போவதே நடைமுறைக்கு ஏற்றது. பிரதான வீதியோரத்தில் மட்டும் நின்றுவிடாமல் ஒழுங்கைகளுக்குள் இறங்குங்கள். காலையில் போனால் பெண்களும் முதியவர்களும், பின்னேரம் ஐந்து மணிக்குப் பின் ஆண்களும் இருப்பார்கள். இரு நேரமும் போக வேண்டும். தண்ணீரைச் சுமந்தவர் யார் என்ற கணக்குப் பெண்கள் வாயிலிருந்துதான் சரியாக வரும். அதைக் கேட்கப் போகிறவரும் பெண்ணாக இருப்பதே நல்லது.

கேள்வி எப்படிக் கேட்பது என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. “அம்மா, தண்ணீர்ச் சேவையில உங்களுக்குத் திருப்தியோ?” என்று கேட்டால் “ஓமோம், பரவாயில்லைத் தம்பி” என்றுதான் வரும். கொப்பியும் பேனையுமாக வந்தவரிடம் குறை சொல்வது புத்தியில்லை என்று இந்த மண் நீண்டகாலம் படித்திருக்கிறது. மனநிலையைக் கேட்காமல் செய்கையைக் கேளுங்கள்: “தண்ணி வராத அந்த மூண்டு நாளும் குடிக்க எங்க எடுத்தனீங்கள்? யார் போய் எடுத்தது? காசு குடுத்தோ?” “ஆருக்கேன் சொன்னனீங்களோ? ஆருக்கு?” “திருப்பியும் நிண்டால் என்ன செய்வியள்?” கடைசிக் கேள்விக்கு வரும் “என்ன செய்யிறது தம்பி” என்ற பெருமூச்சுக்கும் ஒரு குறியீடு வைத்துக்கொள்ளுங்கள். கைவிட்டவர்கள் அவர்கள்.

“போராட்டத்துக்குப் போனீங்களா?” என்று கேட்கவே வேண்டாம். அந்தப் பதில் தாளில் இருப்பதே ஆளுக்கு ஆபத்து. “உங்கட பக்கத்தில ஆக்கள் சேர்ந்து ஏதும் செய்தவையோ?” என்பது போதும்.

காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கியது, ஜெனரேற்றர் எடுத்தது, குழாய்க்கிணறு அடித்தது, பிள்ளையைப் படிக்க உறவினர் வீட்டுக்கு அனுப்பியது எல்லாம் சத்தமில்லாத விலகல். வசதியுள்ளவர் இப்படி விலகிவிட்டால் வீதியில் கூட்டம் குறையும். அந்தக் கூட்டக் குறைவைத் திருப்தி என்று வாசிப்பவர்கள் அலுவலகங்களில் நிறைய உண்டு.

எதோடு ஒப்பிடுவது

பழுதுக்கு முந்திய நாலு கிழமையின் நிகழ்வுகளையும் அதே பதிவேட்டில் எழுதுங்கள். வன்னியில் இது கட்டாயம், ஏனென்றால் வேறு காரணங்களுக்கான போராட்டம் இங்கே ஓய்ந்ததே இல்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டம், அதே ஆண்டு தொடக்கத்தில் கேப்பாப்பிலவு மக்கள் காணிக்காக இருந்த போராட்டம் இரண்டும் எந்தக் குழாய்ப் பழுதுக்கும் சம்பந்தமில்லாதவை. கோரிக்கை நிரலை ஒழுங்காக நிரப்பாதவர் இவற்றையும் தண்ணீர்க் கணக்கில் ஏற்றிவிடுவார். போரில் இறந்தோரை நினைவுகூரும் மே 18ஐ ஒட்டிய நாட்கள், அதேபோன்ற நவம்பர் கடைசிக் கிழமை, தேர்தல் காலம் மூன்றையும் தனி நிறத்தில் குறியுங்கள்.

பருவமும் பார்க்க வேண்டும். காலபோக அறுவடை நடக்கும்போது ஆட்கள் வயலில். எவ்வளவு கோபமென்றாலும் வீதிக்கு வர நேரமில்லை. சாதாரண தரப் பரீட்சைக் காலத்து இரவு மின்தடையோ ஒரு மணித்தியாலமே ஆனாலும் பெற்றோரைக் கொதிக்க வைக்கும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அந்த மாதங்களை எந்த உள்ளூர்ப் பழுதுக்கும் அடிப்படைக் காலமாக எடுக்க முடியாது.

வெள்ளத்துக்குப் பிறகு அளப்பவர்கள் காலத்தை நீட்ட வேண்டும். 2018 டிசம்பர் 21, 22இல் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோது, கதவுகள் பிந்தித் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி வெள்ளம் வடிந்த பிறகே பெரிதாகி விசாரணை வரை போனது. முதல் கிழமை சனம் முகாமிலும் பள்ளிக்கூடத்திலும் இருக்கும். நிவாரண வரிசை ஆர்ப்பாட்டமல்ல, அதை எண்ணாதீர்கள். நட்டஈட்டுப் பட்டியல் ஒட்டப்படும் கிழமையில் பிரதேச செயலக வாசலில் நில்லுங்கள். சீரான நாளில் இருந்து ஆறு கிழமையாவது பதிவேட்டைத் திறந்து வைத்திருங்கள்.

முடிந்தால் பழுதாகாத அயல் பகுதி ஒன்றையும் அதே நாட்களில் பதியுங்கள். வேறு ட்ரான்ஸ்போமரில், ஆனால் அதே சந்தையைப் பாவிக்கும் ஊர் நல்லது. இரண்டிலும் போராட்டம் கூடியிருந்தால் காரணம் பழுதல்ல.

கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி ஒரே சுட்டெண் செய்யச் சொல்லி யாராவது கேட்பார்கள். மறியலுக்கு மூன்று புள்ளி, மகஜருக்கு ஒன்று என்பதெல்லாம் மேசையில் இருந்து போட்ட புள்ளிகள். வீட்டுமணி, நிகழ்வுகள் குறியீட்டு வாரியாக, 100 வீட்டுக்கு முறைப்பாடு, கைவிட்டோர் சதவீதம் என நாலு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அது ஒரு தாளுக்குள் அடங்கும்.

கொப்பியில் இருக்கக் கூடாதவை

பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், வாகன இலக்கம், முகம் தெரியும் படம். இவை ஒன்றும் இந்த அளவீட்டுக்குத் தேவையில்லை, வேறு சிலருக்கு மிகத் தேவை. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஆனால் கொப்பி ஒருவர் கையில் இருந்து பறிபோகும் நேரத்தில் சட்டம் பக்கத்தில் நிற்காது. வீட்டுக்கு இலக்கம் போடுங்கள், இலக்கத்தையும் இடத்தையும் இணைக்கும் தாளை வேறிடத்தில் வைத்து வேலை முடிந்ததும் எரித்துவிடுங்கள். கூட்டத்தைப் படம் எடுக்க வேண்டியிருந்தால் உயரத்தில் இருந்து, பின்பக்கமாக. வேலை தொடங்க முன் கிராம அலுவலருக்கும் ஊர்ச் சங்கத்துக்கும் சொல்லிவையுங்கள். சொல்லாமல் திரிந்தால் சந்தேகம் உங்கள்மேல் மட்டும் விழாது, உங்களோடு பேசிய வீட்டின்மேலும் விழும்.

களத்துக்குப் போகமுன் ஒரு பயிற்சி. பழைய செய்திகளில் 20ஐ எடுத்து, இருவர் தனித்தனியே ஒருவர் தாளை மற்றவர் பாராமல் குறியீடு இடட்டும். 16இலாவது ஒத்துவர வேண்டும். குறைந்தால் ஆட்களைத் திட்டாமல் விதிகளைத் திருத்தி எழுதுங்கள். பெரும்பாலும் 2க்கும் 3க்கும் இடையில்தான் இடிக்கும்: வீதியில் ஒரு வழியை மட்டும் மறித்தது எதில் சேரும்? வாகனம் ஒன்றாவது நின்றிருந்தால் 3.